கோவில்பட்டியிலிருந்து ஒரு நாள் கடற்கரை டூர்: பஸ் ஓகே... படகில் ஏறும் முன் என்னென்ன பார்க்கணும்?

அதிகாலை 3 மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி வந்து நிற்கும். புளியோதரை, தயிர் சாதம், தண்ணீர் கேன், பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எல்லாம் ஏறும். ராத்திரி 11 மணிக்கு அதே இடத்தில் இறக்கி விடுவார்கள். இடையில் கோயில், கடற்கரை, 'படகு சவாரி'. கோடை லீவு, பொங்கல் லீவு வந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு வட்டாரத்தில் இந்த ஒரு நாள் டூர் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். தெருக்காரர்கள் சேர்ந்து போவார்கள். மகளிர் குழு போகும். தீப்பெட்டி ஆலையில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் போவார்கள்.

மாவட்டத்தின் பெயரே துறைமுக நகரத்தின் பெயர்தான். ஆனாலும் கரிசல் காட்டில் இருக்கும் பலருக்குக் கடல் என்பது வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கும் விஷயம். அந்த ஒரு நாளில் எந்தப் படகில் ஏறலாம், எதில் ஏறக் கூடாது, படகு ஓடாவிட்டால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய விஷயங்கள்

• டூர் நேரத்தைப் படகிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். முதலில் படகு, பிறகு கோயில், கடைசியில் கடற்கரை.
• மீன்பிடிப் படகில் எழுதியிருக்கும் பதிவு எண், பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதி கிடையாது.
• அரசுப் படகு நிறுத்தப்பட்ட நாளில் 'வேற போட் இருக்கு' என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது.
• காற்றே இல்லாத, வெயில் அடிக்கும் நாளிலும் கடல் திடீரென ஏறி வரும். அதன் பெயர் கள்ளக்கடல்.

கோவில்பட்டியிலிருந்து எங்கெல்லாம் ஒரே நாளில் போய் வரலாம்?

பெரும்பாலான டூர் நோட்டீஸ்களில் மூன்று வழிகள்தான் இருக்கும்.

முதல் வழி, கன்னியாகுமரி. கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி வழியாக நான்கு வழிச்சாலையில் சுமார் 140 கி.மீ. நடுவில் ஒரு டீக்கு நிறுத்தினாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பஸ்ஸும் படகும் சேர்ந்த ஒரு நாள் பயணத்துக்கு இதுதான் பொருத்தமான வழி. காரணம், இங்கே அரசு நிறுவனமே படகு ஓட்டுகிறது.

இரண்டாவது வழி, தூத்துக்குடி – திருச்செந்தூர் – மணப்பாடு. திருச்செந்தூர் வரை சுமார் 100 கி.மீ. அங்கிருந்து மணப்பாடு இன்னும் 18 கி.மீ. அளவு. முருகன் கோயில், நாழிக்கிணறு, மணப்பாட்டில் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயம், கடலும் கழிமுகமும் சேரும் இடம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. கடல் பார்க்க, கால் நனைக்க நல்ல வழி. ஆனால் இந்த வழியில் படகைத் திட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஏன் என்று கீழே பார்க்கலாம்.

மூன்றாவது வழி, ராமேஸ்வரம் – தனுஷ்கோடி. சுமார் 190 கி.மீ. போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாம்பன் அருகே குந்துகால் பகுதியிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு உண்டு. 1897-ல் மேலைநாட்டுப் பயணம் முடித்து விவேகானந்தர் வந்து இறங்கிய இடமும் இந்தக் குந்துகால்தான். ஒரே நாளில் போய் வர முடியும் என்றாலும், பஸ்ஸில் மட்டும் எட்டு, ஒன்பது மணி நேரம் போய்விடும். கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் ஒரு ராத்திரி தங்குவது நல்லது.

கன்னியாகுமரி படகு எப்படி இயங்குகிறது?

தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் இந்தப் படகுகளை இயக்குகிறது. குகன், பொதிகை, விவேகானந்தா என்ற பெயர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். கரையிலிருந்து சுமார் அரை கிலோ மீட்டர் தூரத்தில் விவேகானந்தர் பாறை. 1970 செப்டம்பரில் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயர திருவள்ளுவர் சிலை 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி திறக்கப்பட்டது.

முன்பு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கடல் நீர்மட்டம் குறைந்தாலோ அலை கூடினாலோ வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. விவேகானந்தர் பாறையோடு திரும்ப வேண்டியதுதான். இதற்குத் தீர்வாக இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கண்ணாடி இழைப் பாலம் கட்டப்பட்டது. செலவு 37 கோடி ரூபாய். 2024 டிசம்பர் 30-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கினால் நடந்தே வள்ளுவர் சிலைக்குப் போய்விடலாம்.

ஆனால் கரையிலிருந்து பாறைக்குப் போக இன்றும் படகு ஒன்றுதான் வழி. பாலம் வந்துவிட்டதே, கடல் எப்படி இருந்தாலும் போகலாம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். காற்று வேகம் கூடினாலும், நீர்மட்டம் குறைந்தாலும், கடல் சீற்றம் இருந்தாலும் சேவை நிறுத்தப்படும். நிலைமை சரியானதும் மறுபடி தொடங்கும். அது ஒரு மணி நேரத்திலும் நடக்கலாம். அன்று முழுக்க நடக்காமலும் போகலாம்.

படகு வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை ஓடும். படகுக் கட்டணம் தனி, பாறையில் நுழைவுக் கட்டணம் தனி. கட்டணம் அவ்வப்போது மாறுவதால், டூர் ஆர்கனைசர் சொல்லும் தொகையில் இரண்டும் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளணும்.

டூர் நேரத்தை எப்படிப் போடணும்?

'ஒரே நாளில் திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி, சுசீந்திரம்' என்று அடுக்கும் நோட்டீஸ்கள் உண்டு. காலையில் திருச்செந்தூரில் கடலாடி, வரிசையில் நின்று சாமி கும்பிட்டு வெளியே வரவே 11 மணி ஆகிவிடும். அங்கிருந்து உவரி வழியாகக் கன்னியாகுமரி சுமார் 90 கி.மீ. சாப்பாடு முடித்துப் படகுத்துறைக்கு வந்தால் மணி 2, 3. லீவு நாளில் டிக்கெட் வரிசையே ஒன்றிரண்டு மணி நேரம் போகும். கடைசிப் படகு போய்விடும்.

அப்போது பஸ்ஸில் என்ன நடக்கும்? படகுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம் என்று சிலர் சத்தம் போடுவார்கள். பிள்ளைகள் அழும். கைடுக்கு எப்படியாவது ஒரு சவாரி ஏற்பாடு செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி. சரியாக அந்த நேரத்தில், எங்காவது ஒரு கடற்கரையில், "அண்ணாச்சி வாங்க, ஒரு ரவுண்டுதான், பத்து நிமிஷத்துல திரும்பிரலாம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்கும் மனநிலையில் அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் கன்னியாகுமரி போவதென்றால் படகுதான் முதல் வேலை. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, டிபனை முடித்து, 8 மணிக்கு முன்னாடியே வரிசையில் நின்றுவிடலாம். 11, 12 மணிக்கெல்லாம் கரைக்குத் திரும்பலாம். கோயில், சுசீந்திரம், சொத்தவிளை, மாலையில் சூரிய அஸ்தமனம் எல்லாம் பிறகு. காலையில் படகு நின்றிருந்தாலும், மதியம் தொடங்குகிறதா என்று பார்க்க உங்கள் கையில் நேரம் இருக்கும்.

மீன்பிடிப் படகில் போனால் என்ன தப்பு?

மீனவர்கள் தினமும் அதில்தானே கடலுக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது கடல் தெரிந்த ஐந்தாறு பேர் வேலை செய்வதற்கான படகு. வலை, ஐஸ், மீன் என்று பாரம் எல்லாம் அடித்தட்டில் இருக்கும். அலை வரும்போது எந்தப் பக்கம் உட்காரணும், எதைப் பிடிக்கணும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே படகில் 20, 25 பேர் ஏறி, விளிம்பில் உட்கார்ந்து, செல்ஃபி எடுக்க எழுந்து நின்றால் கதையே வேறு.

மக்காச்சோளத் தட்டையை உச்சி வரை ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் வளைவில் எப்படி ஆடும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரம் மேலே போகப் போக வண்டி சாய்வது எளிது. படகும் அப்படித்தான். ஆட்கள் எழுந்து நின்றால் பாரம் மேலே ஏறும். எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சாயும். சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறினால் மறுபடி நிமிர்வது கஷ்டம்.

இன்னொரு விஷயம், பதிவு எண். மீன்பிடிப் படகின் பக்கவாட்டில் 'ஐ.என்.டி – டி.என்' என்று தொடங்கும் எண் பெரிதாக எழுதியிருக்கும். அதைக் காட்டி, இது ரிஜிஸ்டர் ஆன போட் என்று சொல்வார்கள். அந்தப் பதிவு மீன் பிடிப்பதற்கு. ஆட்களை டிக்கெட் வாங்கி ஏற்றுவதற்கு அது அனுமதி ஆகாது.

இதுவரை நடந்த விபத்துகள் என்ன சொல்கின்றன?

2011 டிசம்பர் 25. பழவேற்காடு. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்.

2014 ஜனவரி 26. அந்தமான், போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் தமிழகத்திலிருந்து குழுவாகச் சென்ற சுற்றுலாப் பயணிகள். ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகமான ஆட்கள் அந்தப் படகில் இருந்தார்கள்.

அடுத்த மாதமே, 2014 பிப்ரவரியில், நம்ம மாவட்டத்து மணப்பாட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கடலில் கவிழ்ந்தது. பலர் உயிரிழந்தார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

2023 மே 7. கேரளா, மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு. ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அளவுக்கு அதிகமான கூட்டம். 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ம் தேதி 45 பேர் உயிரிழந்த விபத்தும் நினைவிருக்கலாம். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது அந்த இரண்டடுக்குப் படகு சாய்ந்ததாக அப்போது சொல்லப்பட்டது.

ஏரி, காயல், கடல் என்று இடம் மாறுகிறது. ஆனால் லீவு நாள், அதிகக் கூட்டம், எல்லோருக்கும் இல்லாத லைஃப் ஜாக்கெட், 'கடைசி ட்ரிப்' என்ற அவசரம் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் எதுவும் படகில் ஏறிய பிறகு சரிசெய்யக் கூடியது இல்லை. கரையில் நிற்கும்போதே கவனித்தால்தான் உண்டு.

தூத்துக்குடி தீவுகளுக்குப் போகலாமா?

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். வான் தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடி பகுதியைச் சேர்ந்தவை. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி ஆகிய மூன்றும் வேம்பார் பகுதி. இதில் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுத்து நின்ற அரண் போனது, மணல் கரைந்தது.

1986-ல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடற்கரையில் நின்று, ஆளுக்கு இவ்வளவு கொடுங்க, தீவுல விடுறேன் என்று யாராவது சொன்னால், கூட்டிப் போகிறவர் மட்டுமல்ல, போகிறவர்களும் மாட்டுவார்கள். ஆபத்து வந்தால், அங்கே நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அனுமதியோடு போக வேண்டுமென்றால் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா இடங்கள்தான் வழி. குருசடைத் தீவு ஒன்று. தொண்டி பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் இன்னொன்று. இவை சிறிய படகுகள். 50 பேர் கொண்ட பஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. பகுதி பகுதியாகத்தான் போக வேண்டும். அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

நோட்டீஸில் 'முயல் தீவு' என்று இருந்தால் எந்த முயல் தீவு என்று கேளுங்கள். தூத்துக்குடி துறைமுகப் பக்கம் இருக்கும் முயல் தீவுக்கு ரோட்டிலேயே போகலாம், பெயர்தான் தீவு. மண்டபம் பகுதியில் இருக்கும் முசல் தீவு தேசியப் பூங்காவுக்குள் இருப்பது.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக நல்ல காலம். வெயில் கொடுமை இருக்காது, கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளை விடாமல் சுழற்றும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் குமரிக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கன்னியாகுமரியில் படகு நிறுத்தம் அடிக்கடி நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம். தூத்துக்குடி, பாம்பன் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் அன்றைக்குப் படகை மறந்துவிடலாம்.

கள்ளக்கடல் என்றால் என்ன?

ஏப்ரல், மே கோடை லீவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தெற்கே, ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெரும்புயல் உருவாக்கும் அலைகள், இரண்டு மூன்று நாள் பயணம் செய்து நம்ம கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கடல் திடீரென ஏறி வந்து கரையில் நிற்பவர்களை இழுத்துப் போகும். திருடனைப் போல வருவதால் மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். இன்று விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. டூருக்கு முதல் நாள் ராத்திரி அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது ஆர்கனைசரின் வேலை. அவர் பார்க்கவில்லை என்றால் பஸ்ஸில் யாராவது ஒருவர் பார்க்கணும்.

கிணற்றில் நீச்சல் தெரியும்... கடலில் இறங்கலாமா?

கமலைக் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தைரியம் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் இழுக்கும். கரைக்கு வந்த அலை திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் ஆறு போல நீரோட்டம் கடலை நோக்கி ஓடும்.

பார்ப்பதற்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும்; நடுவில் மட்டும் அலை இல்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில் தண்ணீர் இருக்கும். 'இங்கதான் அலை இல்லை' என்று பிள்ளைகளை அங்கே இறக்கிவிடக் கூடாது.

இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த இடத்தில் கரைக்குத் திரும்பணும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்கணும்.

கரையில் நிற்பவர்களுக்கு: ஒருவர் மாட்டினால் அடுத்தடுத்து உள்ளே ஓடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது பல விபத்துகளில் நடந்திருக்கிறது. மூடிய காலித் தண்ணீர் கேன், காலிப் பிளாஸ்டிக் குடம், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை மாதிரி இரண்டு கடல் சேரும் இடங்களில் குளிக்கவே கூடாது.

லைஃப் ஜாக்கெட் சரியாகப் போட்டிருக்கிறோமா?

தோளில் மாட்டி, போட்டோ எடுத்துவிட்டு, வெயிலுக்குக் கழற்றி மடியில் வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. படகு கவிழ்ந்தால் அதை எடுத்துப் போட நேரம் இருக்காது.

போட்ட பிறகு எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்கணும். பிறகு, தோள்பட்டைப் பக்கம் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது பெரிய சைஸ், அல்லது இறுக்கவில்லை. தண்ணீரிலும் அப்படியே ஏறி, தலை வழியாகக் கழன்றுவிடும். சேலை கட்டியவர்கள் முந்தானையைச் செருகிவிட்டு அதன் மேல் ஜாக்கெட் போடணும். பெரியவர்கள் ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. பிள்ளை சைஸ் இல்லை என்றால் அந்தப் படகில் பிள்ளையை ஏற்ற வேண்டாம். காற்றடைத்த பலூன் டியூப் லைஃப் ஜாக்கெட் ஆகாது.

பஸ்ஸில் என்ன பார்க்கணும்?

ராத்திரி திரும்பும் பயணம்தான் இங்கே கவலை. அதிகாலை 3 மணிக்கு ஸ்டியரிங் பிடித்தவர் ராத்திரி 11 மணிக்கும் ஓட்டினால், அவர் 20 மணி நேரம் விழித்திருக்கிறார். நடுவில் பஸ் நிற்கும்போது வெயிலில், இன்ஜின் சூட்டில் கண்ணசர்வது தூக்கம் ஆகாது. சட்டப்படி ஓட்டுநரின் ஒரு நாள் வேலை 8 மணி நேரம்தான். ராமேஸ்வரம் மாதிரி தூரத்துக்கு இரண்டு டிரைவர் வேணும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடணும். கன்னியாகுமரி என்றால், மதியம் படுத்துத் தூங்க அவருக்கு ஒரு ரூம் எடுத்துக் கொடுங்கள். 50 பேரில் பிரித்தால் அது பெரிய தொகை இல்லை.

வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கையில் என்ன எடுத்துப் போகணும், எதை எடுத்து வரக் கூடாது?

தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி, தினமும் சாப்பிடும் மாத்திரை. வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டரிடம் முன்னாடியே மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. வனத்துறை இடங்களில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

திரும்பும்போது பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் விற்றாலும் வாங்கக் கூடாது. இவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வைத்திருப்பதே வழக்குக்கு வழி. கரையில் உடைந்து கிடப்பதைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வர வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. படகை யார் இயக்குகிறார்கள்? பூம்புகார் கழகமா, வனத்துறையா, தனியாரா? தனியார் என்றால் பயணிகளை ஏற்றும் அனுமதியைக் காட்ட முடியுமா?

2. படகுத்துறைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?

3. படகு அன்று ஓடாவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன? படகுக்கான பணம் திரும்பக் கிடைக்குமா? இதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பிள்ளைகள் சைஸில் லைஃப் ஜாக்கெட் உண்டா?

5. எத்தனை டிரைவர்? மதியம் எங்கே தூங்குவார்?

6. பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும்? படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் பஸ் கிளம்பும்போதும் தலையை எண்ணுவது யார்?

இதில் மூன்றாவது கேள்விக்குப் பதில் முதலிலேயே முடிவாகிவிட்டால் கடற்கரையில் சண்டை வராது. படகு இல்லை என்றால் வட்டக்கோட்டை போகலாம், பத்மநாபபுரம் அரண்மனை போகலாம் என்று கைடு கையில் ஒரு மாற்று இருந்தால், அறியாத படகைத் தேட வேண்டிய கட்டாயம் அவருக்கும் இருக்காது. சொன்னபடி நடக்கவில்லை, பணமும் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

அவசர எண்கள்

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. ஆம்புலன்ஸ் 108. எந்த அவசரத்துக்கும் 112. பஸ் கிளம்பும் முன்பே குறைந்தது மூன்று பேர் போனில் இந்த எண்களைச் சேமித்து வைத்திருப்பது நல்லது. படகில் ஏறும் இடத்தின் பெயரையும், படகின் பெயர் அல்லது எண்ணையும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு ஏறுங்கள்.